மோப்பக்காரி சொன்னால் சொன்னதுதான்

மரகத நகரில் கழிவறைக்குத்தான் முதல் பூட்டு. நகைப்பெட்டிக்கு அடுத்த பூட்டு. விரலை வைத்தால் திறக்கும் விரல்பூட்டு அது. வீட்டு மனிதர்களின் விரலுக்குத் திறக்கும், வேலைக்கு வருகிறவர்களின் விரலுக்குத் திறக்காது. விடிந்ததும் ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு அங்கே வேலைக்கு வரும் பெண்கள், பொழுது சாய்ந்து வீடு போய்ச் சேரும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். குடித்தால் போக வேண்டும். போக இடம் கிடையாது.

பூட்டுக்குக் காரணம் மோப்பி. வீட்டுக் கழிவுக்குழாய் தெருக்குழாயோடு சேரும் இடத்தில் தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். காலரா, டைபாய்டு, இளம்பிள்ளைவாதம் என்று அரசுக்குத் தெரிவித்தே தீரவேண்டிய நோய்கள் இருக்கின்றனவே, அவற்றின் கிருமி கழிவில் கலந்து வந்தால் அது மோந்து கண்டுபிடித்துவிடும். முன்பெல்லாம் மருத்துவர் எழுதி, அதை ஒருவர் வாங்கி, மேலிடத்துக்கு அனுப்பி, மேலிடம் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படிப்பதற்குள் ஊரில் பாதிப் பேர் படுத்திருப்பார்கள். இப்போது படுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். மோப்பி மோந்த கணத்தில் வாசல்விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாகும். அந்தக் குழாய்த்தடம் முழுவதும் கட்டப்படும். தெரு முனையில் தரைக்குள்ளிருந்து கம்பிவேலி எழும்பும். உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது, வெளியே இருப்பவர் உள்ளே போக முடியாது. மோப்பி மூன்று வாரம் தொடர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் கட்டு அவிழும். நடுவில் ஒரு தரம் கத்தினாலும் பழையபடி முதலிலிருந்து மூன்று வாரம்.

மக்கள் அதற்கு மோப்பக்காரி என்று பேர் வைத்தார்கள். மோப்பக்காரி சொன்னால் சொன்னதுதான் என்பது வைப்பாற்று நோய்க்காவல் மண்டலத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

அந்த மண்டலத்தின் ஆணையர் கோமதிநாயகம். மோப்பிக்கான கட்டுவிதியை எழுதியவர் அவர்தான். அவர் வீட்டில் வெயிலாச்சி இரண்டு வருஷமாக வேலை பார்த்துவந்தாள். நாற்பத்தெட்டு வயது, ஒட்டிய கன்னம், குறைந்த பேச்சு. வீட்டுக்கு ஒரே வெளியாள்தான் வரலாம் என்பது நகரின் கட்டுப்பாடு. ஆகையால் சமையல், பாத்திரம், துணி, கடைசியில் கழிவறை, எல்லாம் அவள் கையால்தான்.

"கழுவலாம், உட்காரக் கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் ஆணையரின் மனைவி சௌந்தரம். மோசமான மனுஷி இல்லை. நல்ல புடவையாகப் பார்த்துக் கொடுப்பாள், தலைவலி என்றால் தைலம் தருவாள். "தப்பா எடுத்துக்காத வெயிலாச்சி. உனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியுது. மோப்பிக்குத் தெரியணுமே."

"சரிங்கம்மா."

சம்பளத்துக்காக அவள் அந்த வீட்டுக்கு வரவில்லை. எதற்காக வந்தாள் என்று கேளுங்கள்.

வெயிலாச்சிக்குச் சொந்த இடம் பருத்திப்பேட்டை. நெருக்கி அடித்த வீடுகள். மரகத நகர் போல வீட்டுக்கு ஒரு மோப்பி வைக்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை, தெருவுக்கே ஒன்றுதான். ஒரு கோடையில் அது டைபாய்டு என்று கத்தியது. வேலி எழுந்தது. ஆனால் தெருவில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. கைக்குழந்தைக்குக்கூட உடம்பு சுடவில்லை. எந்த வீடு, எந்த ஆள் என்று பார்க்க யாரும் வரவுமில்லை. பறக்கும் கூடைகள் அரிசியையும் உப்பையும் எண்ணெயையும் போட்டுவிட்டுப் போயின. யாருக்கு நோய் என்று தெரியாமல் மாத்திரை கொடுக்கக் கூடாதாம், அதுவும் விதி. மூன்று வாரம் முடியப்போகும் தறுவாயில் மோப்பி மறுபடி கத்தும். மறுபடி முதலிலிருந்து. சிலர் வாளியில் போய்க் கருவேலங்காட்டுப் பக்கம் வீசிப் பார்த்தார்கள். தெருவில் எத்தனை தலை உறங்குகிறது என்ற கணக்கும் மோப்பிக்கு உண்டு. கணக்குக் குறைந்தால் மறைப்பு என்று சொல்லி அதற்கும் கட்டு நீளும்.

"பணக்காரன் பேண்டா மணக்குதுங்கும், நம்ம பேண்டா நாறுதுங்கும். மூக்கும் அவுக செஞ்ச மூக்குதான" என்றாள் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய். தெருவே அதைத்தான் நம்பியது. வெயிலாச்சியும் நம்பினாள்.

அந்தக் கட்டுக்குள்தான் அவள் மகள் பொற்கொடிக்கு வயிற்றுவலி வந்தது. பத்தொன்பது வயது. வாயைத் திறந்தால் மூடாத பெண், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தொலைத்திரையில் பார்த்த மருத்துவர் குடல்வால் என்றார், சின்ன அறுவைதான், உடனே கொண்டுவாருங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. கட்டுக்குள் வண்டி வராது, கட்டுக்குள்ளிருந்து ஆள் போகாது, விதி அப்படி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலாச்சி கத்திய கத்தலில் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வண்டிக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் தூரம். அந்தத் தூரத்தில் குடல்வால் வெடித்துப் பொற்கொடி செத்துப்போனாள்.

மறுநாள் திரையில் ஆணையர் பேசினார். "ஓர் உயிருக்காக வருந்துகிறேன். ஆனால் கட்டு பல்லாயிரம் உயிரைக் காக்கிறது. பரிதாபத்துக்காக ஒரு வேலியைத் திறந்தால் நாளைக்குச் செல்வாக்குக்காக நூறு வேலி திறக்கும். மோப்பி பொய் சொல்லாது."

அந்த முகத்தை வெயிலாச்சி மனசில் கொத்தி வைத்துக்கொண்டாள். கட்டு அவிழும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணில் நீர், தொண்டையில் கஞ்சித்தண்ணி, அவ்வளவுதான். என்ன மாயமோ, அதற்குப் பிறகு மோப்பி கத்தவில்லை, வேலி இறங்கியது. அவள் அந்தத் தெருவில் இருக்கப் பிடிக்காமல் பழைய வெங்காய மண்டிக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். அங்கே பழங்காலத்துக் குழிக்கழிவறை, மோப்பி கிடையாது. மண்டி முகவரியைச் சொல்லித்தான் ஆணையர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் கணக்கு எளிமையானது. நல்ல உடம்போடு இருக்கிற பருத்திப்பேட்டைக்காரி ஒருத்தி உட்கார்ந்தாலே அந்த மூக்கு கத்தும். அது உன் வீட்டிலும் கத்தட்டும். உன் விளக்கும் சிவக்கட்டும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்.

முதலில் சௌந்தரம் கழிவறையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்பாள், கழுவி முடித்ததும் பூட்டுவாள். வருஷம் ஒன்று போனது. பிறகு திறந்துவிட்டுச் செம்பருத்திக்குத் தண்ணீர் விடப் போக ஆரம்பித்தாள். நம்பிக்கை அப்படித்தான், ஒரு நாளில் வராது, வந்துவிட்டால் திரும்பிப் பார்க்காது.

ஒரு காலையில் வெயிலாச்சி ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அந்த வீட்டில் அவள் குடித்த முதல் தண்ணீர் அதுதான். கழிவறைக் கதவைச் சாத்தினாள். பளிங்கு மாதிரிக் குளிர்ந்த இருக்கை. உட்கார்ந்தாள். "கொடி, பாத்துக்கோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் இல்லை. விளக்கு பச்சையாகவே சிரித்தது. நம்ம குடலை இது பகைக்கிறதாக நினைத்தோமே, அதுவும் பொய்யோ என்று அவளுக்கே சலித்துப்போனது. ஆனாலும் விடாமல் போனாள். அந்த வாரக் கடைசியில், ஆணையர் காரில் ஏறி நகர் வாசலைத் தாண்டப்போகும் சமயம், அவர் வீட்டு வாசலில் சிவப்பு எரிந்தது. காருக்கு முன்னால் தரை பிளந்து வேலி எழும்பியது.

நகர் முழுக்க ஒரே குழாய்த்தடம், நகரே வீதிக்கு வந்துவிட்டது. "சார், நீங்களே ஆணையர். ஏதாவது பண்ணுங்க" என்று நாலு திசையிலிருந்தும் குரல்.

கோமதிநாயகம் காரை வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. "விதியை மாத்தணும்னா என் கைரேகையை அடையாளம் பாக்குற கைமேடையில நான் கை வைக்கணும். கைமேடை ஆபீஸ்ல இருக்கு. என் கை இங்க இருக்கு. அது வேணும்னே செஞ்சதுதான். ஆணையரை வீடு தேடி வந்து எவனும் மிரட்டக் கூடாதுன்னு."

மனிதரைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் கை நீட்டி வாங்கியவர் இல்லை. இளவயதில் ஒரு காலராவை ஆலை முதலாளிகள் மூடி மறைத்ததையும், பிணங்களை இரவோடு இரவாக எரித்ததையும் கண்ணால் பார்த்தவர். கெஞ்சலுக்கும் மிரட்டலுக்கும் காது கேளாத ஒரு கருவி வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டியவர். தன் வீட்டுக்கே வேலி எழும்பியபோது அவர் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது. அடுக்களை ஜன்னலில் நின்ற வெயிலாச்சிக்கு அந்தப் பெருமைதான் நெஞ்சில் மிளகாயாக எரிந்தது.

பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. நகர்ச் சங்கம் சொந்தமாக ஆள்சோதனைப் பெட்டி ஒன்று வைத்திருந்தது. அது உருண்டு வந்து அந்த வீட்டில் இருந்த மூன்று பேரிடமும் சோதனைக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டது. சோறு வேகும் நேரத்துக்குள் திரையில் ஒரு மருத்துவப் பெண் வந்தாள்.

"ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல. கிருமி இருக்கிறது வெயிலாச்சி அம்மாகிட்டதான்."

"எனக்குக் காய்ச்சலே வந்ததில்லையே, தாயி."

"உங்களுக்கு நோய் இல்லம்மா. கிருமி பித்தப்பையில குடியிருக்கு. உங்கள ஒண்ணும் செய்யாது. உங்க மாதிரி ஆளைச் சுமையாள்னு சொல்லுவோம். வருஷக்கணக்கா இருந்திருக்கும். நெய், எண்ணெய்ன்னு நல்லாச் சாப்பிட்டா பித்தப்பை சுருங்கும், அப்ப கீழ எறங்கும். பட்டினி கெடந்தா எறங்காது. அதனால மோப்பி சில நாள் கத்தும், சில நாள் கத்தாது. ஒரு மாசம் மாத்திரை. நடுவுல நிறுத்தினா திரும்ப வந்துரும், நிறுத்தாதீங்க."

திரை அணைந்தது. வெயிலாச்சி அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். கட்டு அவிழாமல் நீண்ட அந்தக் கோடை கண் முன்னால் வந்தது. பொற்கொடி ஆசைப்பட்டாள் என்று அவள் சுட்ட எண்ணெய்ப் பணியாரங்கள் வந்தன. மகள் செத்தபிறகு சோறு இறங்காத நாட்களும், தானாக இறங்கிய வேலியும் வந்தன. மூக்கு பொய் சொல்லவில்லை. தெருவைக் கட்டியது அவள் குடல்தான்.

சௌந்தரம் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்போ நீ... கழிவறையை..."

"ஆமாம்மா. உக்காந்தேன். வேணும்னுதான் உக்காந்தேன்." வெயிலாச்சி எழுந்து கூடத்துக்குப் போனாள். ஆணையர் நாற்காலியில் இருந்தார். "ஐயா, என் ஊரு வெங்காய மண்டி இல்ல. பருத்திப்பேட்டை. வேலி ஓரத்துல குடல்வால் வெடிச்சுச் செத்த பொண்ணு பொற்கொடியப் பெத்தவ நான்."

அவருக்கு நினைவிருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார், தணிந்த சொல்தான் கத்தி போல ஆழமாக இறங்கும்: "அப்படின்னா உன் மகளைக் கொன்னது நான் இல்ல, வெயிலாச்சி. அந்தக் கட்டுக்குக் காரணம் நீதான்."

"ஆமாங்கய்யா. கிருமியச் சுமந்தது நான்தான். அது எனக்குத் தெரியாது." அவள் ஓரடி முன்னால் வந்தாள். "இங்க சோறு வேகுறதுக்குள்ள கண்டுபிடிச்சீக. அங்க ஒரு கோடை முழுக்க ஒருத்தரும் வந்து பாக்கல. பாத்திருந்தா எனக்கு நாலு மாத்திரையக் குடுத்துட்டு வேலிய எறக்கியிருப்பீக. எம்பிள்ள இப்ப வாய் ஓயாமப் பேசிக்கிட்டு இருக்கும். நான் செஞ்சது தெரியாம. நீங்க செஞ்சது?"

அவர் எழுந்து தன் அறைக்குள் போனார்.

சுமையாளைக் கட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதும் அவர் எழுதிய விதிதான். ஆகவே வெயிலாச்சி அந்த வீட்டிலேயே இருந்தாள், விருந்தாளி அறையில், தனிக் கழிவறையோடு. சுமையாள் சமைக்கக் கூடாது. சௌந்தரம் சமைத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். தட்டோரத்தில் மாத்திரை. வெயிலாச்சி சோற்றைச் சாப்பிட்டாள், மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். மோப்பி மறுபடி கத்தியது. கணக்கு மறுபடி முதலிலிருந்து.

ஒரு நாள் சௌந்தரம் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச்சோற்றில் கலந்தாள். வெயிலாச்சி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். "தாளிப்பு பிரமாதம்மா. கடுகு, பெருங்காயம், மருந்துக்கடை எல்லாம் வாசம் வருது."

கோமதிநாயகம் அறை வாசலுக்கு வந்தார். "உனக்கு என்ன வேணும்?"

"மூக்கு கத்துனா மொத ஆளத் தேடணும், அப்புறம் தெருவக் கட்டணும். கட்டுக்குள்ள ஆம்புலன்ஸ் வரணும். எல்லாத் தெருவுக்கும்."

"வெளிய போன மறுநாளே எழுதுறேன்."

"எழுதுங்க. அப்புறம் முழுங்குறேன்."

"ஆபீஸ் போனாத்தான எழுத முடியும்? நீ முழுங்கினாத்தான நான் போக முடியும்?"

"அப்ப இருங்க. எனக்கு எங்கயும் போக வேண்டிய அவசரமில்ல."

அவர் செய்த பூட்டில் அவரே நின்றார். வெயிலாச்சிக்கு அந்த நாட்களில் சோறு ருசித்தது. நகர்வாசிகள் வீட்டுக்கு முன்னால் வந்து ஏசிவிட்டுப் போகும் சத்தம் தாலாட்டுப் போல இருந்தது. தூக்கமும் வந்தது.

அதைக் கெடுத்தவள் பருத்திப்பேட்டையில் பக்கத்து வீட்டில் இருந்த சுப்புத்தாய். அவள் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறவள். வேலி எழும்பிய அன்று உள்ளே மாட்டிக்கொண்டாள். ஒரு மத்தியானம் விருந்தாளி அறை ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"மதினி, நல்லாருக்கீகளா? மெத்தை கித்தையெல்லாம் பொசுபொசுன்னு இருக்கா?"

"ஏன் சுப்பு, குத்திப் பேசுத?"

"குத்தல மதினி, கேக்கேன். நீங்க யாரக் கட்டிப் போட்டீக, தெரியுமா? அவுக ஊஞ்சல்ல ஆடிக்கிட்டு, பறக்குங்கூடையில பாதாம் பருப்பு எறக்கிக்கிட்டு இருக்காக. நாங்க பொம்பளயாளுக அம்புட்டுப் பேரும் கார் செட்டுல சாக்க விரிச்சுக் கெடக்கோம். ஆளுக்கு ஒரு வாளி. எங்க தலை இங்கத்தக் கணக்குல கெடையாதாம், அதனால அதக் குழாய்ப் பக்கமே விடாம தோட்டத்துல புதைக்கச் சொல்லுதாக." அவள் குரல் உடைந்தது. "எம்பிள்ளைக ரெண்டும் ஒத்தையில கெடக்குதுக மதினி. நேத்துத் திரையில பாக்கேன், சின்னவன் கால்ல வெந்நியக் கொட்டிக்கிட்டான். என்னால போக முடியல. வேலி. இந்த வேலி உங்களுக்குத் தெரியாததா?"

வெயிலாச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் நிற்கிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது அவள் முகம்தான்.

அன்று தட்டு வந்ததும் முதலில் மாத்திரையை விழுங்கினாள். "உங்களுக்காக இல்லைங்கய்யா" என்றாள் வாசலில் நின்றவரிடம். "உங்க வாக்க நம்பியும் இல்ல."

மூன்று வாரம் மோப்பி வாயைத் திறக்கவில்லை. வேலி இறங்கியது. சுப்புத்தாய் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். மோப்பி மூன்று வாரம் மோந்து பார்த்துச் சுத்தம் என்று சொன்ன வேலைக்காரி அந்த ஊரிலேயே வெயிலாச்சி ஒருத்திதான். மற்றவர்களின் குடலில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவளைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ள நகர்ப் பெண்களிடையே போட்டியே நடந்தது. ஆணையர் அவளை விரட்டவில்லை. மோப்பி சுத்தம் என்று சொன்னபின் மனிதன் மறுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கைக்காரர்களுக்கு இப்படி ஒரு கஷ்டம். இன்னும் ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருந்தது. வேலி இறங்கிய பிறகு அவள் அதை விழுங்குகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் விழுங்கினாள். ஆணையர் வாக்கு என்ன ஆகிறது என்று பார்க்கும்வரை விழுங்கினாள்.

அவர் முதல் வேலையாக அலுவலகம் போய்விட்டு இனிப்போடு வந்தார். பின்னாலேயே இரண்டு ஆட்கள் வந்து கூடத்துச் சுவரில் கருப்பாக ஒரு கைப்பலகையைப் பதித்தார்கள்.

"என்னங்கய்யா இது?"

"முதல் திருத்தம் போட்டுட்டேன். ஆணையர் கட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா இனிமே வீட்டிலிருந்தே கை வைக்கலாம். நிர்வாகம் நிக்காது பார்."

"ஆளத் தேடுறது? ஆம்புலன்ஸ்?"

"அதுக்குக் குழு போட்டிருக்கேன். நல்ல ஆட்கள். ஆராய்ஞ்சு அறிக்கை குடுப்பாங்க."

"எப்பக் குடுப்பாக?"

"குழுன்னா குடுக்கும்போது குடுக்கும், வெயிலாச்சி. அவசரப்பட்டு விதியை மாத்தினா ஊர் தாங்காது."

"நல்லதுங்கய்யா" என்றாள். இனிப்பை எடுத்துக்கொண்டாள். அந்தக் கைப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு மாத்திரையை நிறுத்தினாள்.

பொங்கல் வந்தது. வேலைக்கு வரும் அத்தனை பேரும் லீவு சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சுப்புத்தாய் பிள்ளைகளுக்குப் புதுத்துணியோடு போவதை நகர் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வெயிலாச்சி திரும்பினாள். வீட்டு மனிதர்களைத் தவிர நகரில் வேறு யாரும் இல்லை.

"நீ போகலையா?" என்றாள் சௌந்தரம்.

"எனக்கு யாரும்மா இருக்கா. இங்கயே இருக்கேனே."

சௌந்தரத்துக்கு மனசு இளகிவிட்டது. விருந்தாளி அறையைத் திறந்து கொடுத்தாள். பண்டிகை நாளில் அவளை அடுப்பிடம் விடாமல் தானே சமைத்து இலை போட்டு உட்காரவைத்தாள். நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், எண்ணெய் வடியும் வடை, கத்தரிக்காய் வதக்கல். "நல்லா சாப்பிடு. இளைச்சே போயிட்ட."

"நெய் இன்னுங் கொஞ்சம் விடுங்கம்மா."

காணும் பொங்கலன்று முற்பகல், எல்லாரும் உல்லாசப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பும் நேரம், வாசல்விளக்கு சிவந்தது. வேலி எழுந்தது.

கோமதிநாயகம் வாசலைப் பார்த்தார். பிறகு திரும்பி அடுக்களை வாசலில் நின்றவளைப் பார்த்தார். சொல்லாமலே புரிந்தது.

"மாத்திரையை நிறுத்திட்ட."

"குழு அறிக்கை வரட்டும்னு நிறுத்திவச்சேன்."

"இது மிரட்டல். எந்த மிரட்டலும் என்னைத் தொடக் கூடாதுன்னுதான் கைமேடையை நான் ஆபீஸ்ல வச்சிருந்தேன்."

"நீங்கதானங்கய்யா அத வீட்டுக்குக் கொண்டாந்தீக."

சுவரில் கைப்பலகை கறுப்பாக, பளபளப்பாக, கை எட்டும் உயரத்தில் இருந்தது. வெளியே கட்டுச்சோற்றுக் கூடைகளோடு நகர்வாசிகள் கூட ஆரம்பித்தார்கள். "சார், இப்பத்தான் வீட்டுலேயே கை வைக்கலாமே, வைங்க சார்" என்று ஒரு குரல் கேட்டது.

"மாட்டேன்னு சொன்னா?" என்றார்.

"நானும் இருக்கேன், நீங்களும் இருங்க. எங்காளுக ஒருத்தரும் இன்னைக்கு இந்த வேலிக்குள்ள இல்ல, அதையும் பாத்துக்கிட்டேன். நெய் தீந்துட்டா மட்டும் சொல்லுங்க, கூடையில போடச் சொல்லுவோம்."

சௌந்தரம் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். "நான் பரிமாறின சோறு வெயிலாச்சி அது."

"ஒங்க மேல கோவமில்லம்மா. ஒங்க கை ருசி எம்மகளுக்கும் பிடிச்சிருக்கும்."

அந்த அம்மாள் கணவனைப் பார்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படிப் பார்த்தாள். "வைங்க" என்றாள். "அந்தப் பொண்ணு செத்த அன்னைக்கே வச்சிருக்கணும்."

கோமதிநாயகம் கைப்பலகைக்கு முன்னால் போய் நின்றார். வெயிலாச்சி சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினார். மோப்பி கத்தினால் முதலில் அந்தத் தடத்தில் உள்ள ஒவ்வோர் ஆளையும் சோதிக்க வேண்டும். சுமையாள் கிடைத்ததும் வேலி இறங்க வேண்டும். எந்தக் கட்டுக்குள்ளும் ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போகும், வரும். நகர், பேட்டை, சேரி என்ற வித்தியாசம் இல்லை.

"போதுமா?"

"பிரிவுக்குப் பேரு வைக்கணும்."

"விதிக்குப் பேர் வைக்கிற வழக்கம் இல்ல."

"பொற்கொடின்னு வைங்க. இனி எந்தத் தெருவக் கட்டுனாலும் மோப்பக்காரி அந்தப் பேரச் சொல்லித்தான் வேலியத் தூக்கணும். ஒங்க தெருவாயிருந்தாலும்."

அவர் கையைப் பலகையில் வைத்தார். பலகைக்குள்ளிருந்து ஒரு நிதானமான பெண்குரல் கேட்டது. ஆணையரின் நேர்மைக்குக் காவலாக அவரே எழுதிச் சேர்த்த கேள்வி அது.

"இந்தத் திருத்தத்தை யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல், சுய விருப்பத்தோடு செய்கிறீர்களா? ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவும்."

வாழ்நாளில் ஒரு பொய் எழுதாத மனிதர் திரும்பி வெயிலாச்சியைப் பார்த்தார்.

"ஆமான்னு சொல்லுங்கய்யா" என்றாள் அவள். "அது நம்பிக்கிடும்."